டிசம்பரில் மான்செஸ்டர்: கிறிஸ்துமஸ் சந்தையை நம்பி அப்பா அம்மாவை அழைத்துப் போகலாமா?

மலைக்கோட்டை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருச்சியிலிருந்து அப்பாவும் அம்மாவும் டிசம்பரில் வருகிறார்கள். நாங்கள் இருப்பது ஹடர்ஸ்ஃபீல்டில். லண்டனை ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள், அதனால் இந்த முறை மான்செஸ்டரில் இரண்டு நாள் தங்கலாம் என்று யோசனை.

அம்மாவுக்குக் கடை பார்க்கப் பிடிக்கும். வாங்க வேண்டும் என்பதில்லை, பார்க்க வேண்டும். அப்பா நேர் எதிர், கடை வாசலிலேயே முகம் மாறிவிடும். ஆனால் மியூசியம், பழைய கட்டடம், நூலகம் என்றால் நாள் முழுக்க நடப்பார். 23, 24 தேதிகளில் போகலாம் என்று நினைத்திருக்கிறேன். சந்தை அவ்வளவு பெரியதா? இரண்டு பேரையும் ஒரே நாளில் சமாளிக்க முடியுமா?

பஞ்சுமில் எழுதியது:

முதல் வேலையாகத் தேதியை மாற்றுங்க. மான்செஸ்டர் சந்தை நவம்பர் முதல் பாதியிலேயே ஆரம்பித்துவிடும். கிறிஸ்துமஸுக்கு முன்பே பெரும்பாலான மரக்கடைகளைப் பிரித்து மூட்டை கட்டிவிடுவார்கள். 24ஆம் தேதி போனால் பலகை அடுக்கும் லாரிகளைப் பார்த்துவிட்டு வரலாம். டிசம்பர் முதல் இரண்டு வாரத்தில், செவ்வாய் அல்லது புதன் போல ஒரு நாள் பாருங்க.

அப்புறம், பழைய வீடியோக்களை நம்பி ஆல்பர்ட் சதுக்கம் மட்டும்தான் சந்தை என்று நினைக்க வேண்டாம். 1998இல் சந்தை தொடங்கிய பிறகு பல வருடம் டவுன் ஹாலுக்கு முன்னால் அந்தச் சதுக்கம்தான் மையம். 2018 ஆரம்பத்தில் டவுன் ஹாலைப் பெரிய பழுதுபார்ப்புக்காக மூடினார்கள். அதற்குப் பிறகு சந்தை பிக்கடில்லி கார்டன்ஸ், செயின்ட் ஆன்ஸ் சதுக்கம், எக்ஸ்சேஞ்ச் சதுக்கம், கதீட்ரல் பக்கம் என்று துண்டு துண்டாகப் பிரிந்தது. எந்தத் துண்டு எங்கே என்பது வருடத்துக்கு வருடம் மாறும். கிளம்பும் முன் நகராட்சி போடும் வரைபடத்தைப் பார்த்துக்கொள்ளுங்க.

உங்கள் வீட்டு நிலைமைக்கு இந்தச் சிதறல் நல்லதுதான். ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில் அப்பாவுக்கு ஒரு கட்டடம் இருக்கிறது.

அடுக்குமல்லி எழுதியது:

நான் கொஞ்சம் கசப்பாகவே சொல்கிறேன். சந்தையை நம்பிப் போகாதீர்கள். ஜெர்மன் சந்தை என்று பெயர், பாதிக் கடையில் எந்த ஊரிலும் கிடைக்கும் மெழுகுவர்த்தி, கம்பளித் தொப்பி, காந்த பொம்மை. ஒரு சாசேஜ் ரொட்டிக்குக் கொடுக்கும் காசில் உட்கார்ந்து ஒரு வேளை நல்ல சாப்பாடு சாப்பிடலாம். சனிக்கிழமை மாலை என்றால் நடக்கவே முடியாது, கூட்டம் தள்ளிக்கொண்டு போகும், நாம் எங்கே நிற்கிறோம் என்பதைக் கூட்டம் முடிவு செய்யும்.

சூடான பானம் தரும் குவளைக்கு முன்பணம் வாங்குவார்கள். குவளையைத் திருப்பிக் கொடுத்தால் பணம் வரும் என்பது விதி. நான் திருப்பிக் கொடுக்கப் போனபோது ஒரு கடைக்காரர் "எங்கே வாங்கினீர்களோ அங்கே போங்கள்" என்றார். அந்தக் கடையோ ஊரின் இன்னொரு மூலையில். குவளை இப்போது எங்கள் வீட்டில் பேனா தாங்குகிறது.

வயதானவர்களை அழைத்துப் போவதென்றால் அந்த நகரத்தில் சந்தையைவிட நல்லவை எவ்வளவோ இருக்கின்றன.

யாழ்க்குயில் எழுதியது:

மல்லி, நீங்கள் சனிக்கிழமை பின்னேரம் போய்விட்டுச் சந்தையைக் குறை சொல்லுகிறீர்கள் 😀 நாங்கள் பிள்ளைகளோடு வாரநாளில் காலை பதினொரு மணிக்குப் போவோம். அப்போது கடைக்காரருக்கும் கதைக்க நேரம் இருக்கும். மரத்தில் செதுக்கிய சாமான், கண்ணாடி வேலை, கையால் செய்த தோல் பை என்று சில உண்மையான கைவினைக்காரர்களும் இருக்கிறார்கள், தேடித்தான் பிடிக்க வேண்டும். செயின்ட் ஆன்ஸ் சதுக்கப் பக்கம் எனக்குப் பிடிக்கும். அங்கே 1712இல் கட்டி முடித்த செயின்ட் ஆன்ஸ் தேவாலயம் இருக்கிறது. அம்மாவுக்குக் கால் வலித்தால் உள்ளே போய் அமைதியாக இருக்கலாம், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

ஆனால் பொழுதுபடும் நேரத்தைத் தவற விடவேண்டாம். டிசம்பர் நடுவில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். விளக்குகள் எல்லாம் ஐந்து மணிக்கே நல்ல வடிவாகத் தெரியும், வேலை முடிந்து வரும் கூட்டம் அதற்குப் பிறகுதான் சேரும்.

மரக்கறி சாப்பிடுபவர்கள் என்றால் ஒரு விஷயம். மின்ஸ் பை என்றால் பெயரில்தான் இறைச்சி, உள்ளே இருப்பது உலர்ந்த திராட்சையும் மசாலாவும். ஆனால் சிலவற்றில் மாட்டுக் கொழுப்புச் சேர்ப்பார்கள், கிறிஸ்துமஸ் புடிங்கிலும் அப்படியே. பெட்டியில் சைவம் என்ற குறி இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள். சந்தையில் வறுத்த பாதாம், சூடான சாக்லேட், உருளைக்கிழங்கு அப்பம் என்று பிரச்சினை இல்லாதவை நிறைய உண்டு.

ரயில்பிரியன் எழுதியது:

போக்குவரத்து பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் நான்.

காரை எடுக்காதீர்கள். ஹடர்ஸ்ஃபீல்டிலிருந்து ரயில் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஊருக்குள் மஞ்சள் டிராம், மஞ்சள் பஸ். வங்கி கார்டைத் தட்டிக்கொண்டே போனால் ஒரு நாளைக்கு உச்சவரம்பு ஒன்று வைத்து அதற்கு மேல் எடுக்கமாட்டார்கள், இப்போது பஸ்ஸும் டிராமும் சேர்த்தே கணக்கு. ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும், ஒரே கார்டை மூன்று பேருக்குத் தட்ட முடியாது. நகர மையத்தைச் சுற்றிவரும் இலவச பஸ்ஸும் உண்டு. அம்மாவின் முழங்காலுக்கு அது பெரிய உதவி.

24ஆம் தேதி மாலையே ரயில்கள் குறைந்துவிடும். 25ஆம் தேதி நாடு முழுவதும் ரயில் கிடையாது, டிராமும் ஓடாது. 26இலும் ரயில் ஏறக்குறைய இல்லை. 25ஆம் தேதி பெரிய கடைகளைத் திறக்கவே சட்டம் அனுமதிக்காது. இங்கே முதல் டிசம்பரைக் கழிக்கும் நம்மூர்க்காரர்கள் பண்டிகை நாளன்று ஊரே களைகட்டும் என்று நினைத்துக் கிளம்பி, ஆளில்லாத தெருவில் நிற்பார்கள். கொண்டாட்டம் எல்லாம் வீட்டுக்குள்.

ஞாயிற்றுக்கிழமையும் கவனம். 1994 சட்டப்படி பெரிய கடைகள் ஆறு மணி நேரம்தான் திறக்கலாம்.

அப்பாவுக்கு என் சிபாரிசு சயின்ஸ் அண்டு இண்டஸ்ட்ரி மியூசியம். அது இருக்கும் வளாகத்தில்தான் 1830இல் திறந்த லிவர்பூல் ரோடு ரயில் நிலையம் நிற்கிறது. உலகில் இன்று மிஞ்சியிருக்கும் பயணிகள் ரயில் நிலையங்களில் அதுதான் மிகப் பழையது. இதற்கு மேல் எழுதினால் இழை என் பக்கம் சாய்ந்துவிடும்.

பஞ்சுமில் எழுதியது:

இப்போது அப்பாவுக்கான வழி. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்க. என் அப்பா கோயம்புத்தூரில் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தவர். ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888இல் அங்கே முதல் மில்லை ஆரம்பித்ததிலிருந்து எங்கள் ஊருக்குத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்ற பட்டம் வந்து சேர்ந்த கதை வரை வீட்டில் கேட்டு வளர்ந்தவன் நான். அதனால் இந்த ஊரின் கடைத்தெருவை நான் துணிக் கணக்கில்தான் பார்ப்பேன்.

செயின்ட் ஆன்ஸ் சதுக்கச் சந்தையிலிருந்து சில அடி தூரத்தில் ராயல் எக்ஸ்சேஞ்ச். வெளியே பார்த்தால் கடைகள் உள்ள பெரிய கல் கட்டடம். அம்மாவை அந்தக் கடைகளில் விட்டுவிட்டு அப்பாவை மேலே பெரிய கூடத்துக்கு அழைத்துப் போங்க. மான்செஸ்டரைச் சுற்றியுள்ள லங்காஷயர் பகுதிப் பஞ்சு வியாபாரிகள் கூடி விலை பேசிய இடம் அது. 1968இல் வியாபாரம் நின்றது. கடைசி நாள் விலைகள் இன்னும் பலகையில் அப்படியே இருக்கின்றன, அண்ணாந்து பார்த்தால் தெரியும். கூடத்தின் நடுவில் கண்ணாடியும் எஃகுமாக ஒரு நாடக அரங்கு, 1976இல் வைத்தது. பழைய தரை அந்த எடையைத் தாங்காது என்பதால் அரங்கை நான்கு பெரிய தூண்களிலிருந்து தொங்கவிட்டிருக்கிறார்கள். மேடை நடுவில், சுற்றிலும் பார்வையாளர்கள்.

1996 ஜூன் 15 அன்று ஐஆர்ஏ (வட அயர்லாந்தைப் பிரிட்டனிடமிருந்து பிரிக்கப் போராடிய ஆயுதக் குழு) வைத்த வெடிகுண்டு இந்தக் கட்டடத்தையும் குலுக்கிவிட்டது. எச்சரிக்கை வந்து ஆட்களை அப்புறப்படுத்தியதால் யாரும் சாகவில்லை, ஆனால் இருநூறு பேருக்கு மேல் காயம். இன்று எக்ஸ்சேஞ்ச் சதுக்கத்தில் நீங்கள் பார்க்கும் பளபளப்பான கடைத்தெருவில் பெரும்பகுதி அதற்குப் பிறகு திருத்தி எழுப்பியது. கார்ப்பரேஷன் தெருவில் ஒரு சிவப்புத் தபால் பெட்டி மட்டும் அன்று தப்பித்து இன்னும் நிற்கிறது. கடிதம் போடலாம்.

அங்கிருந்து டீன்ஸ்கேட் போனால் ஜான் ரைலண்ட்ஸ் நூலகம். ரைலண்ட்ஸ் பெரிய துணி முதலாளி. அவர் மறைந்த பிறகு மனைவி என்ரிகெட்டா அவர் நினைவாகக் கட்டிய இது 1900 ஜனவரி 1 அன்று மக்களுக்குத் திறந்தது. உள்ளே போனால் கோயில் மண்டபத்துக்குள் நுழைந்த மாதிரி இருக்கும், கல் தூண்களும் வளைவுகளும் மங்கிய வெளிச்சமும். ஆனால் அந்தக் காலத்திலேயே மின்விளக்கு போட்டுக் கட்டியது, வாயு விளக்குப் புகை புத்தகத்தைக் கெடுக்கும் என்ற கவலை அந்த அம்மாவுக்கு. யோவான் நற்செய்தியின் சிறு பாப்பிரஸ் துண்டு ஒன்று அங்கே இருக்கிறது, உள்ளங்கையில் அடங்கும். புதிய ஏற்பாட்டின் ஆகப் பழைய துண்டுகளில் ஒன்று என்கிறார்கள். அனுமதி இலவசம். வாரம் முழுக்கத் திறந்திருக்காது, நாளைப் பார்த்துப் போங்க.

அதே ரைலண்ட்ஸ் கம்பெனி 1932இல் மார்க்கெட் தெருவில் கட்டிய கிடங்குதான் பிறகு பல வருடம் பெரிய பல்பொருள் கடையாக இருந்தது. ஊரில் எங்கே சுரண்டினாலும் அடியில் பஞ்சு.

அடுக்குமல்லி எழுதியது:

பஞ்சுமில் அண்ணா, எல்லாம் சரி. ஆனால் அந்தப் பஞ்சு எங்கிருந்து வந்தது, அந்தத் துணி எங்கே போய் விழுந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுசாகும். லங்காஷயர் மில் துணி நம்மூர்ச் சந்தையில் குவிந்தபோது நம் நெசவாளர்கள் தறியை விட்டு இறங்கினார்கள். கூடத்தில் நின்று விலைப்பலகையை ரசிக்கும்போது அதுவும் ஞாபகம் வரத்தான் செய்யும்.

பஞ்சுமில் எழுதியது:

நிச்சயமாக. நானும் ரசிக்க மட்டும் சொல்லவில்லை. லிங்கன் சதுக்கத்தில் ஆபிரகாம் லிங்கன் சிலை எதற்கு என்று பலர் கேட்பார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கு, தென் மாநிலத் துறைமுகங்களை முற்றுகையிட்டது. அடிமைகள் பறித்த பஞ்சு இங்கே வருவது நின்றது, 1861 முதல் 65 வரை லங்காஷயரில் பஞ்சுப் பஞ்சம். வேலை போய்ப் பட்டினி கிடந்தபோதும் மான்செஸ்டர் தொழிலாளர்கள் கூட்டம் போட்டு அடிமை முறையை எதிர்க்கும் வடக்குப் பக்கம் நின்றார்கள். 1863 ஜனவரியில் லிங்கன் அவர்களுக்கு நன்றிக் கடிதம் எழுதினார். அந்த இடைவெளியை நிரப்ப இந்தியப் பஞ்சை அள்ளிக்கொண்டு வந்தார்கள். குட்டை இழை, அழுக்கு, அறுந்து அறுந்து போகும் என்று இங்குள்ள மில் தொழிலாளர்கள் அதைத் திட்டித் தீர்த்தார்கள்.

நீங்கள் சொல்லும் அந்தக் கணக்குக்குச் சான்று வேண்டும் என்றால் பிரெஸ்டன் வரை போக வேண்டும். 1866இல் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பவர் இந்தியத் துணிகளை வெட்டி, ஒட்டி, 18 தொகுதிகளில் 700 மாதிரிகளாக அடுக்கினார். மொத்தம் 20 படிகள், 13 பிரிட்டனுக்கு, 7 இந்தியாவுக்கு. இந்தியர்கள் என்ன கட்டுகிறார்கள் என்று பார்த்து அதே மாதிரி இங்குள்ள மில்லில் நெய்து விற்பதற்கு. நம் சேலை, வேட்டி, தலைப்பாகைத் துணி எல்லாம் வியாபார மாதிரியாக. ஒரு படி பிரெஸ்டன் ஹாரிஸ் மியூசியத்தில் இருக்கிறது.

மலைக்கோட்டை எழுதியது:

அருமை. தேதியை டிசம்பர் இரண்டாம் வாரத்துக்கு மாற்றிவிட்டேன். அப்பாவிடம் போனில் பஞ்சுப் பலகை கதையைச் சொன்னேன், இப்போதே கிளம்பத் தயார்.

இப்போது சங்கடமான கேள்வி. அம்மாவுக்கு முழங்கால் வலி, சர்க்கரையும் உண்டு. உட்கார இடம், கழிப்பறை இரண்டும் இல்லாமல் நாள் ஓடாது. எங்கே எங்கே?

யாழ்க்குயில் எழுதியது:

இதில் என்ன சங்கடம், எல்லோரும் கேட்கவேண்டிய கேள்வி. நகரத்தில் பொதுக் கழிப்பறை தேடி அலையவேண்டாம். சென்ட்ரல் லைப்ரரி, மான்செஸ்டர் ஆர்ட் கேலரி, ஆர்ண்டேல் வணிக வளாகம், இந்த மூன்றையும் மனதில் வைத்தால் மையத்தில் எங்கே நின்றாலும் ஒன்று பக்கத்தில் இருக்கும்.

சென்ட்ரல் லைப்ரரியில் இளைப்பாறிக்கொண்டே பார்க்கவும் இருக்கிறது. 1934இல் திறந்த வட்டக் கட்டடம், மேலே குவிமாடத்தின் கீழ் வாசிப்பு மண்டபம். ஒரு பேனா கீழே விழுந்தால் மண்டபம் முழுக்கக் கேட்கும், எங்கள் சின்னவன் தும்மி எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இசைப் பகுதியில் யார் வேண்டுமென்றாலும் வாசிக்க பியானோ வைத்திருக்கிறார்கள்.

ஆர்ட் கேலரி இலவசம், நடுவில் இருக்கை உண்டு. ஃபோர்டு மேடக்ஸ் பிரவுன் பத்து வருடத்துக்கு மேல் எடுத்து வரைந்த ஓர் ஓவியம் அங்கே இருக்கிறது: தெருவில் குழி தோண்டும் தொழிலாளர்கள் நடுவில், வேலையே இல்லாத பணக்காரர்கள் ஓரத்தில். அதற்கு முன்னால் அம்மாவை இருத்திவிடுங்கள். எத்தனை முகம், எத்தனை நாய் என்று எண்ணிக்கொண்டே அரை மணி போகும்.

மாலையில் ஏதாவது பார்க்க விரும்பினால் பிரிட்ஜ்வாட்டர் ஹாலில் ஹாலே இசைக்குழுவின் கிறிஸ்துமஸ் கச்சேரி. 1858இலிருந்து இயங்கும் குழு. கரோல் பாட்டுக்குப் பார்வையாளரையும் பாடச் சொல்வார்கள். அல்லது பாண்டோமைம் என்ற கிறிஸ்துமஸ் கால நகைச்சுவை நாடகம். ஆண் பெண் வேடம் கட்டி வருவார், வில்லன் வந்தால் கூச்சல் போட வேண்டும், "உன் பின்னால் நிற்கிறான்!" என்று கத்த வேண்டும். ஆங்கிலம் பாதி புரியாவிட்டாலும் அம்மா சிரிப்பார். டிக்கெட் இப்போதே பாருங்கள், இரண்டாம் வாரத்தில் பள்ளிக்கூடங்களே மொத்தமாக வாங்கிவிடும்.

ஓரத்துஇருக்கை எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. ஊருக்குப் போகும்போது விமான நிலையத்தில் வாட் வரியைத் திரும்ப வாங்கலாமே, அதற்கு ரசீது எதுவும் சேர்க்க வேண்டுமா? என் மாமா முன்பு வாங்கியிருக்கிறார்.

ரயில்பிரியன் எழுதியது:

அந்தக் காலம் போய்விட்டது. 2021 தொடக்கத்திலிருந்து இங்கிலாந்தில் கடையில் வாங்கிக் கையில் எடுத்துப் போகும் பொருளுக்கு அந்தச் சலுகை கிடையாது. விலைச்சீட்டில் 20 சதவீதம் உள்ளடக்கம்தான், திரும்ப வராது. குழந்தைகள் உடைக்கு வாட் கிடையாது, பேரக்குழந்தைகளுக்கு வாங்குவதென்றால் அதில் வாங்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. குலுக்கினால் பனி கொட்டும் கண்ணாடி உருண்டை வாங்கினால் கைப்பையில் வைக்காதீர்கள், உள்ளே இருப்பது திரவம். பெரிய பெட்டியில் சட்டைக்கு நடுவில் சுருட்டி வையுங்கள்.

அடுக்குமல்லி எழுதியது:

என்ன வாங்கலாம் என்பதற்கு என் பதில் வேறு. சந்தையைப் பார்த்து முடித்ததும் நார்தர்ன் குவார்ட்டர் பக்கம் நடங்கள். ஓக் தெருவில் பழைய ஸ்மித்ஃபீல்டு மீன் சந்தைக் கட்டடத்துக்குள் கிராஃப்ட் அண்டு டிசைன் சென்டர் இருக்கிறது, 1982இலிருந்து. செய்பவர்களே அங்கே பட்டறை போட்டு உட்கார்ந்து செய்து விற்கிறார்கள். மண்பாண்டம், வெள்ளி நகை, அச்சுப் படம். விலை மலிவில்லை, ஆனால் செய்த கையைப் பார்த்து வாங்குகிறீர்கள். சந்தையில் கிடைக்காதது அதுதான்.

பக்கத்திலேயே ஆஃப்லெக்ஸ். பழைய துணிக்கடைக் கட்டடத்தில் மாடி மாடியாகச் சின்னச் சின்னக் கடைகள், பழைய உடை, இசைத்தட்டு, விசித்திரத் தொப்பி. படிகள் அதிகம். அம்மாவுக்குத் தரைத்தளம் போதும்.

வாழ்த்து அட்டை, பொதி சுற்றும் தாள், மரத்தில் தொங்கவிடும் அலங்காரம் எல்லாம் 27ஆம் தேதிக்குப் பிறகு ஹடர்ஸ்ஃபீல்டிலேயே பாதி விலைக்குக் கிடைக்கும். அதற்கு மான்செஸ்டர் வரவேண்டாம்.

மலைக்கோட்டை எழுதியது:

இரண்டாம் நாளுக்கு ஆக்ஸ்ஃபோர்டு ரோடு வைத்திருக்கிறேன். மான்செஸ்டர் மியூசியம், விட்வொர்த் கலைக்கூடம், அப்புறம் கறி மைல் என்ற உணவகத் தெரு. சரியாக வருமா?

பஞ்சுமில் எழுதியது:

மூன்றும் ஒரே பஸ் வழி, தாராளமாக வரும். மான்செஸ்டர் மியூசியம் 2023 பிப்ரவரியில் விரிவுபடுத்தித் திறந்தது. பிரிட்டிஷ் மியூசியத்தோடு சேர்ந்து அமைத்த தெற்காசியக் காட்சிக்கூடம் அங்கே இருக்கிறது. இங்கே வாழும் தெற்காசியர்கள் முப்பது பேர் சேர்ந்து எதை வைப்பது, எப்படிச் சொல்வது என்று முடிவு செய்தார்கள். நம்மைப் பற்றி அடுத்தவர் எழுதிய சீட்டைப் படிக்கும் எரிச்சல் அங்கே குறைவு. விட்வொர்த்தில் துணிச் சேகரிப்பு பெரியது, காட்சிகளை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். இரண்டுமே இலவசம்.

கறி மைலில் இப்போது கறியைவிட ஷவர்மாவும் மத்திய கிழக்கு இனிப்பும்தான் அதிகம். தோசை எதிர்பார்த்துப் போகவேண்டாம். இனிப்புக்கடைகளுக்காகப் போகலாம், அம்மாவுக்குச் சர்க்கரை என்கிறீர்கள், அதை நீங்கள்தான் சமாளிக்க வேண்டும்.

ஓரத்துஇருக்கை எழுதியது:

யாருமே சேதம்ஸ் நூலகத்தைச் சொல்லவில்லையே? 1653இலிருந்து இருக்கிறது. 1845இல் மார்க்ஸும் எங்கல்ஸும் சேர்ந்து உட்கார்ந்து படித்த ஜன்னலோர மேசை அங்கேதான், கதீட்ரல் பக்கச் சந்தைக்கு எதிரிலேயே. நம் பக்கத்துத் தோழர்கள் வந்தால் முதலில் அங்கேதான் போட்டோ.

யாழ்க்குயில் எழுதியது:

நல்ல இடம், ஆனால் தனியாக உள்ளே போகமுடியாது, முன்பதிவு செய்து வழிகாட்டியோடுதான் போகவேண்டும், கட்டணமும் உண்டு. 1421ஆம் ஆண்டுக் கட்டடம் என்பதால் படிகளும் சமமில்லாத தரையும். அப்பா தனியாகப் போகட்டும். அந்த நேரத்தில் அம்மாவோடு எக்ஸ்சேஞ்ச் சதுக்கக் கடைகளைப் பாருங்கள்.

மலைக்கோட்டை எழுதியது:

பிரெஸ்டன் துணிப் புத்தகத்தை அப்பா விடமாட்டார் போல. அந்த 18 தொகுதிகளையும் வெளியே வைத்திருப்பார்களா, கேட்டால்தான் காட்டுவார்களா?

பஞ்சுமில் எழுதியது:

எல்லாவற்றையும் விரித்து வைக்கமாட்டார்கள், வெளிச்சம் பட்டால் சாயம் போய்விடும். போவதற்குச் சில வாரம் முன்பே மியூசியத்துக்கு மின்னஞ்சல் போட்டு, சென்னை மாகாணத் துணி மாதிரிகளைப் பார்க்க முடியுமா என்று கேளுங்க. பதில் வந்தால் இங்கே போடுங்க. வேலைநாள் என்றால் நானும் லீவு போட்டு வருகிறேன்.

அடுக்குமல்லி எழுதியது:

எனக்கும் ஒரு இடம் பிடித்து வையுங்கள்.